சுவரிலிருந்து இறக்கிய இதயங்கள்

ஊரையெல்லாம் ‘ஷாட்ஸ்’ என்று கொஞ்சும் என் கணவனுக்கு,

ஒவ்வொரு பீர்த் திருவிழாவிலும் நீ என் கழுத்தில் மாட்டிய இஞ்சி ரொட்டி இதயங்கள் இத்தனை வருடமாக அடுக்களைச் சுவரில் தொங்கின. எல்லாவற்றிலும் சர்க்கரையால் எழுதிய ஒரே சொல், ‘ஷாட்ஸ்’. ஷாட்ஸ் என்றால் புதையல், செல்லம்; நான் புதையலாம்! கேட்டால் ரொட்டிக் கடைக்காரி என் பெயரையும் எழுதித் தருவாள். நீ கேட்டதில்லை.

நேற்று உனக்கொன்று வாங்கலாம் என்று நானே அவளிடம் போனேன்.

“உங்க வீட்டுக்காரர் இப்பதான் வாங்கிட்டுப் போனாரு. எப்பவும்போல ஒண்ணுல ஷாட்ஸ், இன்னொண்ணுல இன்னும் செல்லமா ஷாட்ஸி. ஷாட்ஸி உங்க பொண்ணுதானே?”

நமக்கு ஏது பெண்?

என் தம்பி கோர்பினியன் பள்ளியில் ஜெர்மன் மொழி சொல்லித்தருகிறவன். அவனிடம் சொல்லி அழுதேன். “அழாதக்கா, ஆதியில அந்த வார்த்தைக்கு ஆடுமாடு, காசுன்னுதான் அர்த்தம். புதையல், காதலி எல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது” என்றான்.

அழுகை நின்றுவிட்டது. இதயங்களை இறக்கிப் பக்கத்துப் பண்ணையில் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். மாடுகள் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை.

தம்பி வீட்டுக்குப் போகிறேன். தேடி வராதே.

இப்படிக்கு,
(என் பெயர் நினைவிருந்தால் நீயே எழுதிக்கொள்.)