வையம்பட்டியில் பிறந்தவர்

4.2.61 சனி

காலையில் நல்ல பனி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் பாலத்தில் காவிரி தெரியவில்லை.

ஜனக்கணக்கு ஸ்லிப் கட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு உறையூரில் நான்கு தெரு. ஆளுக்கு ஒரு ஸ்லிப். பெயர், வயது, கல்யாணம் ஆனவரா, பிறந்த ஊர், இந்த ஊரில் எத்தனை வருஷம், தொழில், இன்னும் என்னென்னவோ. ஒருவர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று தடவை எச்சரிக்கை. கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சர்கள் நடுவே யார் ஊர் பெரியது என்று சண்டை. சாரதாவுக்குத் தொட்டியம். 'எங்க ஊர்லேருந்து வாழைத்தார் லாரி ஒரு நாளைக்கு எத்தனை போவுது தெரியுமா?' ரங்கநாயகி ஸ்ரீரங்கத்துக்காரி. 'வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு எங்காத்து வாசல்ல நிக்கற கூட்டத்துக்கு உங்க ஊர் மொத்தமும் காணாதுடி.' ஸ்ரீரங்கம் திருச்சியோடு சேர்ந்ததுதானே என்று சாரதா சொல்லப்போக, வந்தது கோபம். 'ஆத்துக்கு இந்தண்ட வேற ஊர், அந்தண்ட வேற ஊர். எங்களைச் சேர்க்காதே.'

என்னைக் கேட்டார்கள். வையம்பட்டி, திண்டுக்கல் லைன் என்றேன். எவ்வளவு பெரியது? ஸ்டேஷனில் குழந்தை தும்மினால் சந்தைத் திடலில் இருப்பவர் 'நூறு' என்று வாழ்த்துவார் என்றேன். சிரித்தார்கள். நானும்.

'உங்காத்துக்காரர் பம்பாய்லேர்ந்து எப்போ வரார்?' ரங்கநாயகிதான். சித்திரையில் என்றேன். போன வருஷமும் சித்திரை என்றுதான் சொன்னேன், அவளுக்கு ஞாபகமில்லை. பெரிய ஊரில் இது ஒரு சௌகரியம்.

5.2.61 ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். கொழுந்தனாரிடமிருந்து கடிதம்.

'அண்ணி, ஏழு வருஷம் ஆகிவிட்டது. பெரியவர்கள் பேசி, மாசி கடைசி ஞாயிறு அண்ணனுக்குக் காரியம் செய்துவிடலாம் என்று முடிவு. அம்மா மட்டும் பிடிவாதமாக இருக்கிறார். நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்.'

பம்பாய் பொய். ஏழு வருஷம் முன்பு மணப்பாறைச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனவர் திரும்பவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணம் நடந்து அப்போது இரண்டு வருஷம்கூட முடியவில்லை.

உடல் கிடைக்காத காரியம் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்துவார்கள். பிறகு பெண்டாட்டியை உட்காரவைத்துப் பொட்டு, வளையல், தாலி. பிறந்த வீட்டுக்காரர் கோடிச் சேலை போடுவார். என் அண்ணன் இந்நேரம் எடுத்தே வைத்திருப்பான்.

அத்தை, அதாவது அவருடைய அம்மா, இன்றுவரை அவரைப் பற்றி 'இருந்தான்' என்று பேசியதில்லை. அவனுக்குப் பாகற்காய் ஆகாது. அவன் சத்தம் போட்டுப் பேசமாட்டான். எல்லாம் இன்றைக்கு நடப்பது மாதிரியே. என்னை டிரெயினிங்குக்கு அனுப்பியதும் அத்தைதான். 'இவளுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நீ இங்க கெடக்க வேணாம். போய்ப் படி.'

ஏன் அப்படிச் சொன்னார் என்றால்—

வையம்பட்டியில்: குளத்தடியில் 'கடுதாசி வந்துச்சா?' கடையில் 'கடுதாசி வந்துச்சா?' வராததைக் கொண்டுவராத தபால்காரரே கேட்பார், 'வந்துச்சாம்மா?' புதுச் சேலை கட்டினால் ஏன் என்பார்கள். கட்டாவிட்டாலும் ஏன் என்பார்கள். காய்ச்சல் என்றால் மூன்று வீட்டுக் கஞ்சி வரும், கூடவே மூன்று பேர் வந்து கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இங்கே: போன ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். முன்போர்ஷன்காரர்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு தடவை பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

13.2.61 திங்கள்

இரண்டு தெரு முடிந்தது. கால் வலி. விளக்கெண்ணெய் வாங்க வேண்டும்.

பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாததால் ஒரு வீட்டுக்குக் கால் மணி கூடுதலாகிறது. இன்று ஒருத்தி மலைக்கோட்டைப் பக்கம் கையைக் காட்டினாள். கணபதியா? இல்லை. விநாயகமா? இல்லை. பிள்ளையார் பெயர் அத்தனையும் சொல்லித் தீர்த்த பிறகு மாமியார் வந்து 'தாயுமானவன்' என்றாள், அதே மலையில் இருக்கும் சிவன் பெயர். மூவரும் சிரித்துவிட்டோம்.

நானும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

17.2.61 வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்றாவது தெரு. ஓட்டு வீடு. தனம் என்று ஒருத்தி, இருபத்திரண்டு வயது. விஜயா என்று பெண் குழந்தை, மூன்று வயது. வீட்டுக்காரர் சுருட்டுக் கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தார். பெயர் கேட்டேன். தனம் வெட்கப்பட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். 'அக்கா, எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்களேன், டீச்சர் கேக்குறாங்க.' அந்தப் பக்கத்திலிருந்து இனிஷியலோடு பெயர் வந்தது. எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்த பிறகுதான் அது யார் பெயர் என்று உறைத்தது.

வயது முப்பத்துநாலு. சரி.

பிறந்த ஊர்? 'வையம்பட்டியாம்ங்க. திண்டுக்கல் போற வழியாம். நான் பாத்ததில்ல.'

ஏன் என்று கேட்டேன். ஸ்லிப்பில் அந்தக் கேள்வி கிடையாது.

'அங்க யாரும் இல்லீங்களே. அம்மா, தம்பி, மொத சம்சாரம், எல்லாரும் காலராவுல ஒரே வாரத்துல போயிட்டாங்களாம். பேச்செடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. பாவம்னு நானும் விட்டுட்டேன்.'

இந்த ஊரில் எத்தனை வருஷம்? 'ஏழுங்க.'

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். குழந்தை என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு தர மாட்டேன் என்றது. சாடை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

வேறு ஆளாக இருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். திருச்சிக்காரர் என்றால் அப்படி நினைத்துத் தப்பிக்கலாம். வையம்பட்டியில் அந்தப் பெயரில் மூன்றே பேர். ஒருவர் எழுபது வயது ஆசாரி. ஒருவன் எட்டு வயதுப் பையன். ஊர் சின்னது, சந்தேகப்படக்கூட இடமில்லை.

19.2.61 ஞாயிறு

வெளியே போகவில்லை. அரிசி களையும்போது நின்றுவிட்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நான்கு வருஷம். இந்த ஊர் என்னை மறைத்து வைத்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். அதே ஊர் அவரையும் மறைத்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீடு நடக்கிற தூரம்தான்.

22.2.61 புதன்

நான்கு வருஷம் கண்ணில் படாதவர் இப்போது எங்கும். பஸ்ஸில் முன்சீட்டில் அவர் பிடரி. சத்திரம் பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அவர் தோள். இன்று மெயின்கார்டு கேட்டிலிருந்து ஒருவர் பின்னாலேயே தெப்பக்குளம் வரை போனேன். திரும்பினார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. 'என்னம்மா வேணும்?' என்றார். மணி கேட்டேன்.

செத்தவர்கள்தான் இப்படிக் கண்ணில் படுவார்கள் என்பார்கள். ஆனால் செத்தது அவர் இல்லை, நான். காலராவில் போனவள். போனவள்தான் தெருத்தெருவாக வந்து, வாசலில் நின்று, உள்ளே இருப்பவர் பெயரைக் கேட்டுக்கொண்டு அலைகிறேன்.

24.2.61 வெள்ளி

என் ஸ்லிப்பை எழுத ஒரு வாத்தியார் வந்தார். கல்யாணம் ஆனவரா? ஆமாம். தனத்துக்கும் ஆமாம் என்றுதான் எழுதினேன். புருஷன் ஒருவர், பெண்டாட்டி இரண்டு பேர். டில்லியில் உட்கார்ந்து கூட்டுகிறவர்களுக்கு இது தெரியப்போவதில்லை.

வெந்தயம், தீப்பெட்டி, இங்க் புட்டி.

2.3.61 வியாழன்

விதிப்படி எல்லா வீட்டுக்கும் இரண்டாம் தடவை போக வேண்டும், நடுவில் பிறப்பு இறப்பு உண்டா என்று கேட்க. நேற்று மற்ற தெருக்களை முடித்தேன். மூன்றாம் தெருவை மாற்றிக்கொள்ள முடியுமா என்று சாரதாவைக் கேட்டேன். 'என் தெருவுக்கே நாக்குத் தள்ளுதுடி.'

காலை ஏழரைக்குப் போனேன். வாசலில் ஆண் செருப்பு. இடது செருப்பு வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம், இரண்டு சின்னது, ஒன்று பெரியது. போதும்.

தனம் வந்தாள். பிறப்பு? 'இல்லீங்க.' இறப்பு? 'அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. குளிக்கிறாரு, கூப்பிடட்டுங்களா?'

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை ஓடாத குறை. ஏழு வருஷமாக, கண்ணில் பட்டால் இன்னின்ன கேட்பேன் என்று வைத்திருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர் ஈரத் தலையோடு வெளியே வந்துவிடுவாரோ என்ற பயம் மட்டும்தான்.

13.3.61 திங்கள், வையம்பட்டி

நேற்று எழுத முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் நாள் நேரம் உட்படத் தெரியும்.

நேற்றுக் காலை அய்யர் வந்துவிட்டார். உறவுக்காரர்கள் பந்தலில். அத்தை மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறார். கொழுந்தனார் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். 'அண்ணி, நீங்க ஒரு வார்த்தை.'

போனேன். அத்தை என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். 'இவங்க எல்லாம் சொல்லுறத நான் கேக்க மாட்டேன். நீ சொல்லு. என் புள்ள இல்லன்னு நீ சொன்னா எந்திரிச்சு வரேன்.'

பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். ரயிலில் நாலு தடவை மனதுக்குள் சொல்லியும் பார்த்தாயிற்று. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

'இருக்காருங்க அத்தை. திருச்சியில.'

எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. 'நல்லாருக்கானா?' என்றார். தலையாட்டினேன். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். தனத்தைச் சொன்னபோது என் கையை விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார். குழந்தையைச் சொன்னபோது, கடவுளே, சிரித்தார். 'பொட்டப்புள்ளயா? யாரு சாடை?'

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏழு வருஷக் கோபம் எங்கேயோ கிடந்தது, அந்த நேரம் பார்த்து வந்தது.

'ஊர்ல யாரும் இல்லன்னு சொல்லி வச்சிருக்காருங்க. காலராவுல போயிட்டோமாம்.'

'நீயா?'

'நாம எல்லாரும்.'

'நானுமா?'

'ஆமாங்க அத்தை.'

மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. பந்தலில் யாரோ சொம்பு கேட்டுக் கத்தினார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்: 'ஆக வேண்டியதப் பாருங்கய்யா. நேரமாவுதுல்ல.'

ஊரே வந்தது. ஊரே அழுதது. தர்ப்பை சீக்கிரம் எரிந்துவிட்டது. என் தாலியை வேறு யாரையும் தொட விடவில்லை, அத்தைதான் கழற்றினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்கும்போது கழுத்தில் நகம் பட்டது. அண்ணன் கோடி போட்டான். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ ஆறுதல் சொல்ல, அத்தை, 'நல்ல புள்ளயாத்தான் இருந்தான்' என்றார்.

உயிரோடு இருப்பவருக்கு நான் விதவை. சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டதையும் சொல்லிவிட்டேன். அத்தை ஒருநாளும் வெளியே விடமாட்டார். ஆனால் நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் ஒரு பிள்ளை இருந்திருப்பான். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

15.3.61 புதன்

பள்ளிக்கூடம். ரங்கநாயகி என் நெற்றியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். 'பம்பாய்லேர்ந்து தந்தி வந்துதா?' வந்தது என்றேன். அழுதாள். நன்றாக அழுதாள், என்னைவிட.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தமே போடவில்லை. பஸ்ஸில் இருவர் எழுந்து இடம் கொடுத்தார்கள். யாருக்கும் என்னைத் தெரியாத ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.

18.3.61 சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. உறையூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 'டீச்சர்' என்று குரல். தனம், இடுப்பில் குழந்தை. என் முகத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கையில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைப் பின்னால் மறைத்தாள்.

'ஐயோ, எப்பங்க?'

போன ஞாயிறு என்றேன்.

'உடம்பு சரியில்லாம இருந்தாருங்களா?'

வெளியூரில் இருந்தார், எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடுக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'தனியா இருக்காதீங்க டீச்சர். நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. சாயங்காலம் அவரு வந்ததும் சொல்லுறேன். அவரே வந்து உங்களைக் கூட்டிக்கிட்டு வருவாரு. எங்க இருக்கீங்க, வீட்டு நம்பர் சொல்லுங்க.'

சொல்லிவிட்டேன்.