ஒட்டியாணம் போய் மோட்டார் வந்தது

என் தங்க அக்காவுக்கு,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இந்தச் சமாசாரத்தை மட்டும் காகிதத்தில் எழுதி, நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். திட்டு வாங்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமலி கல்யாணத்துக்கு என்று நீ என் கையில் கொடுத்துவிட்டுப் போன ஒட்டியாணத்தை விற்றுவிட்டேன். விற்று ஒரு பழைய மோட்டார் வாங்கினேன்.

கோபித்துக்கொள், பரவாயில்லை. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள். நீ இருந்தபோதும் பாதிப் பேச்சிலேயே சண்டைக்கு வந்துவிடுவாய்.

உன் பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயசு. காய்ச்சலில் போன கால் போனதுதான். இரும்புக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது, முழங்கால் மடங்காது, நீட்டியபடிதான் உட்கார வேண்டும். ஆனால் வாய் இருக்கிறதே, அது உன் வாய். இந்தக் கல்கத்தாவில் வளர்ந்து தமிழைவிட வங்காளி நன்றாகப் பேசுகிறாள். அண்டை வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் புஸ்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் பாடத்தை அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறாள். அத்திம்பேர் தஞ்சாவூரிலிருந்து, 'நடக்காத பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?' என்று எழுதினார். அந்தக் கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை.

பள்ளிக்கூடத்தின் பெரிய குதிரை வண்டி பவானிப்பூரில் எங்கள் தெருவரைக்கும் வருகிறது. பதினைந்து பெண்களை அடைத்துக்கொண்டு போகும். ஒருநாள் கமலியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றேன். கூட வருகிற ஆயா கதவைப் பிடித்துக்கொண்டே அவள் காலைப் பார்த்தாள். "ஜாய்கா நேய், மாஷிமா" என்றாள். இடம் இல்லையாம். கமலி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. "காலை மணி அடிக்கும்போது அவள் இங்கே இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன். கொண்டுவந்து விடுவது உங்கள் பொறுப்பு. ஜனவரியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான்" என்று சொல்லி அனுப்பினாள். ரிக்‌ஷாவில் வைத்துப் பார்த்தோம், சரிந்து சரிந்து விழுந்தாள். வாடகைக் குதிரை வண்டியின் கதவுக்குள் அந்தக் கால் நுழையவே இல்லை. வேறு என்னதான் செய்வது, சொல்லு?

அப்போதுதான் இவர் ஆபீஸில் கேட்டுக்கொண்டு வந்தார். அலிப்பூரில் ஒரு துரை சீமைக்கே திரும்பிப் போகிறார், தன் மோட்டாரை விற்கிறார் என்று. ஏழு பேர் உட்காரும் வண்டி. பின் இருக்கைக்கு முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி. அவற்றை மடக்கிவிட்டால் கமலி காலை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி வரலாம். இந்த மாதிரி வண்டி செய்வதையே கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டானாம். அதனால்தான் விலை படிந்தது. இல்லாவிட்டால் நம் ஒட்டியாணத்துக்கு அதன் சக்கரம்கூட வராது.

"ஒரு திருகாணி போனா எங்கே போவேள்?" என்று கேட்டேன்.

"ஹௌராவுல கடைசல் பட்டறை இல்லாத தெரு எது? கடைஞ்சு போட்டாப் போச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வாருங்கள், முதலில் பணம் தருகிறவருக்கு வண்டி என்று துரை சொல்லியிருந்தார். இவர் கடிகாரம் உனக்கு நினைவிருக்கிறதா? இந்த ஊருக்கு ஒரு மணி, ரெயிலுக்கு ஒரு மணி. கல்கத்தா கடிகாரம் ரெயில் கடிகாரத்துக்கு இருபத்துநாலு நிமிஷம் முன்னால் ஓடும். இவர் ரெயில்வே ஆபீஸ் ஆசாமியோ இல்லையோ, சட்டைப்பைக் கடிகாரத்தில் ரெயில் மணிதான். துரை சொன்னது ஊர் மணி என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "இன்னும் நாழியிருக்கு" என்று சாவகாசமாக அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்தபோது துரை வீட்டுக் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ராமசேஷன் மாமா உட்கார்ந்திருந்தார். அடுத்த தெருக்காரர், பாங்க் உத்தியோகம். மடியில் பணப்பை.

"வாங்கியாச்சா மாமா?" என்றேன்.

"எங்கே? துரை வெளியில வரவும் பத்தரை அடிக்கவும் சரியா இருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல ராகு காலமோன்னோ. பன்னண்டு அடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

இவர் மெதுவாகக் கடிகாரத்தை வெளியே எடுத்தார். "எனக்குப் பத்து இருபத்தொண்ணுதான் ஆறது. ராகு காலம் இன்னும் வரலை" என்றார். நேரே உள்ளே போனார்.

மாமா எழுந்துவிட்டார். "ஓய், அது ரெயில் மணின்னா! ஊர் மணியில ராகு காலம் வந்தாச்சு."

"மெட்ராஸ்லேர்ந்து டில்லி வரைக்கும் இதான் மணி. பஞ்சாங்கமும் நம்மூர்லேர்ந்துதானே வரது?"

ரசீதோடு இவர் வெளியே வந்தபோது இவர் கடிகாரத்தில் ராகு காலத்துக்கு இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது. பதினைந்து வருஷமாக அந்தக் கடிகாரத்தைத் திட்டின வாய் இது. அன்றைக்கு அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ராமசேஷன் மாமா பத்து நாள் எங்களோடு பேசவில்லை. பதினோராம் நாள் மாமி வந்து பிள்ளை கல்யாணத்துக்கு வண்டியைக் கேட்டாள். கொடுக்காமல் இருப்பேனா?

டாக்குரியா ரெயில் பாதைக்கு அப்பால் வயல்வெளி ரோட்டில் துரையின் டிரைவர் இவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இவரோ ஒவ்வொரு முக்கிலும் சிக்னல் விழவில்லை என்பதுபோல் நிறுத்திவிடுகிறார். மாட்டு வண்டியெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போகிறது. போகட்டும்.

நேற்று கமலிக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். உன் நீலப் பட்டில் பாவாடை தைத்துப் போட்டிருந்தேன். தர்மதலா முனை தாண்டியதும் பார்த்தால், அந்தக் குதிரை வண்டி சக்கரம் கழன்று சாய்ந்து கிடக்கிறது. பெண்கள் எல்லாரும் ஸ்லேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறார்கள். அதே ஆயா, தலையில் கையை வைத்துக்கொண்டு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"சித்தப்பா, நிறுத்துங்கோ" என்றாள் உன் பெண். கதவுக்கு மேலே எட்டி அந்த ஆயாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "எஷோ, எஷோ. ஜாய்கா ஆச்சே!"

வாங்கோ, இடம் இருக்கு.

சின்னப் பெண்களாக ஒன்பது பேர் ஏறினார்கள். கமலியின் காலை எங்கே வைப்பது என்று நான் முழித்தேன். இரண்டு பெண்கள் தாமாகவே அதைத் தூக்கித் தங்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். ஹாரனை அமுக்க ஒருத்திக்கு ஒருத்தி போட்டி. மிச்சப் பேரை ஏற்றிவர இவர் இன்னொரு நடை போனார். நாங்கள் வாசலில் போய் நின்றபோதுதான் மணி அடித்தது. உன் பெண்ணை நான் தூக்கவில்லை அக்கா. அத்தனை பேருமாக இறக்கி உள்ளே கொண்டு போனார்கள். நான் மோட்டாரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஒட்டியாணத்தைத் திருப்பி வாங்குவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கல்யாணம் ஆகும்போது ஆகட்டும். இந்தச் சத்தியம் மட்டும் செய்கிறேன்: அவள் படிப்பு முடிகிறவரைக்கும் தினம் மணி அடிப்பதற்குள் அவளை அந்த வாசலில் இறக்கிவிடுவேன். கல்கத்தா மணிப்படி.

உன் நகையை விற்ற, உன் பெண்ணை வளர்க்கிற
தங்கை விசாலி