அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை

ஜூனிப்பர் ஃபோர்க், ஒரிகன்
2024 மே 18, சனிக்கிழமை

அன்பு மகள் ஜெனெலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. பாஸ்டனில் நீயும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும் உன் நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லத் தைரியம் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் இரண்டு தடவை பனி பெய்துவிட்டது, அம்மா தக்காளிச் செடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், தோட்டம் பார்க்கவே வேடிக்கையாக இருக்கிறது. கடையில் தீவனம் போகிறது, மாடு நக்கும் உப்புக்கட்டி போகிறது, பெரிய குறை ஒன்றும் இல்லை. கோரின் டீச்சருக்கு எண்பத்தொன்று ஆகிறது, இன்னும் அதே காரை ஓட்டிக்கொண்டு வந்து அதே மாதிரி குறுக்கே நிறுத்திவிட்டுப் போகிறார்.

ராய்ஸ் வீட்டில்தான் துக்கம். அவனுடைய செம்பட்டைக் குதிரை ஏப்ரல் தொடக்கத்தில் குட்டி போட்டது, பதினோராம் நாள் மலைச்சிங்கம் பூனை மாதிரி வேலி தாண்டி வந்து குட்டியைக் கொன்றுவிட்டது. அவன் சமையலறை ஜன்னலுக்கும் அந்த இடத்துக்கும் அறுபது அடிகூட இருக்காது. நான் போனபோது தாய்க்குதிரை அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றது. உங்கிட்ட இன்னிக்கு டக்கு இருந்திருந்தா இந்தச் சனியன் இந்நேரம் மரத்து மேல இருந்திருக்கும் வெர்லு, என்றான் ராய்ஸ். என் வேட்டை நாய் டக்கு செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவன் குரைப்பு பள்ளத்தாக்கின் அந்தக் கோடியிலிருந்து கேட்டாலே மோப்பம் பிடிக்கிறானா, மலைச்சிங்கத்தைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டானா என்று எனக்குத் தெரிந்துவிடும், உனக்கும் தெரியும். எனக்கு மனசு ஆறவில்லை. குட்டியின் படத்தையும், நாய்கள் டக்கும் டாலியும் ஒரு பைன் மரத்தடியில் நிற்கும் பழைய படத்தையும் போனில் ஊர்ப் பக்கத்தில் போட்டேன். மலைச்சிங்கத்தை மிருகக்காட்சி சாலையில் மட்டும் பார்த்தவர்கள் போர்ட்லண்டில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள், அந்தச் சட்டம் ராய்ஸ் வீட்டுக் கொட்டிலில் என்ன செய்திருக்கிறது என்று அவர்கள் வந்து பார்க்கட்டும், நாங்கள் நாய் வைத்து வேட்டையாடினால் குற்றம், மாநில அரசு சம்பளம் கொடுத்து நாயோடு ஆள் அனுப்பினால் மட்டும் நிர்வாகமா என்று எழுதினேன். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

நாற்பது நிமிஷத்தில் அந்தக் கம்பெனிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். வன்முறையாம், விதிமீறலாம். என்ன விதி என்று கேட்டு எழுதினேன், பரிசீலித்தோம் முடிவில் மாற்றமில்லை என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, முப்பது நாளைக்கு என்னை உள்ளேயே விடவில்லை. பதிலுக்குக் கீழே பெயர் இருக்கிறதா என்று தேடினேன், மனுஷர் எழுதினாரா மெஷின் எழுதியதா என்றுகூடத் தெரியவில்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த முப்பது நாளுக்குள் வெண்டல் செத்துப்போனான். டக்கைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த வெண்டல். பெண்டில்டன் பக்கம் மகன் வீட்டில் இருந்தான், பிள்ளைகள் அடக்கம் என்றைக்கு என்பதை அந்தப் பக்கத்தில் மட்டும் போட்டிருக்கிறார்கள், எல்லாரும் பார்ப்பார்கள் என்று. மண்ணைப் போட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அவனுக்குத் தோள் கொடுக்க முடியாமல் போய்விட்டது.

நம் கடைப் பலகை இருந்த காலமாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. வாசலுக்கு வலது பக்கம், மழை படாத சுவரில், உன் தாத்தா அடித்து வைத்த பலகை. மேலே அவரே பச்சைப் பெயிண்டில் எழுதியது: பெயரைப் போட்டு ஒட்டு, ஒட்டியவர் மட்டுமே எடுக்கலாம். இரண்டே வரி. காணாமல் போன தொப்பி, கல்யாண அழைப்பு, உழவு டிராக்டர், ஜெபக் கூட்டம், எல்லாம் அதில்தான். தேர்தல் வந்தால் கோரின் டீச்சர் தன் கட்சி நோட்டீஸை நட்டநடுவில் குத்துவார், ராய்ஸ் அதற்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு தன்னுடையதைக் குத்துவான், இரண்டு பேரும் உள்ளே வந்து ஒரே பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடிப்பார்கள். வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு கோடை முழுக்க அந்தப் பலகையிலேயே சண்டை போட்டார்கள், ஒருவர் நோட்டீஸுக்குக் கீழே இன்னொருவர் பதில் நோட்டீஸ், ஊரே தினமும் வந்து படித்துவிட்டுப் போகும், நீயும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அதில்தான் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவு வசவு எழுதியும் இன்னொருவன் காகிதத்தில் யாரும் கை வைத்ததில்லை. இப்போது பலகையில் வெயிலில் வெளுத்த இரண்டு காகிதம்தான் கிடக்கிறது, எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள். நம் பலகையை நாமே தூக்கி முகம் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் ஆத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினத்துக்கு நீ அம்மாவைக் கூப்பிட்டபோது போனைப் பிடுங்கி இதையெல்லாம்தான் உன்னிடம் கொட்டினேன். அது அவங்க இடம்ப்பா, அவங்க விதி, நீங்களும் பலகைக்கு விதி வெச்சிருந்தீங்கல்ல, என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அம்பது வருஷத்துல ஒருத்தர் காகிதத்தையாவது நான் எடுத்திருப்பேனாடி, என்று கத்தினேன். நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய், ஆமாப்பா, அந்த வருஷம் அடிச்சது ரொம்ப ஒழுங்கான காத்து, நாலு பச்சைப் பின்னையும் கழட்டி டப்பாவுல போட்டுட்டுத்தான் போச்சு. நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி பார்க்கிறேன் என்று வெளியே போனேன். தண்ணி பார்க்க வேண்டிய மாடு ஒன்றும் இல்லை.

ஜெனெல், அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை. 1994 அக்டோபர், மலைச்சிங்கத்தை நாய் வைத்து வேட்டையாடக் கூடாது என்ற சட்டம் ஓட்டுக்கு வருவதற்கு முந்தின மாதம். உனக்குப் பதினேழு. பள்ளிக்கூடம் போகும் வழியில் பலகையில் உன் காகிதத்தைக் குத்திவிட்டுப் போயிருந்தாய். நான் கடை திறக்க வந்து படித்தேன். எட்டு மணிக்கு ராய்ஸும் வெண்டலும் காபிக்கு வருவார்கள், வேட்டைக்காரர் சங்கத்துக்கு நான்தான் தலைவன், ஊரெல்லாம் போய் வேண்டாம் என்று போடுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவன், என் மகள் என் பலகையிலேயே எனக்கு எதிராக எழுதியிருக்கிறாள். கோபம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லை, வெட்கம். அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று எடுத்துவிட்டேன். கடைக்காரன் கை பார், பின்னை வீணாக்க மனசு வராமல் நாலையும் டப்பாவில் போட்டிருக்கிறேன். நீ சாயங்காலம் வந்து கேட்டாய். காத்துல போயிருக்கும் என்றேன். நீ பலகையைப் பார்த்தாய், அப்புறம் மேஜை மேல் இருந்த டப்பாவைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அதைவிடப் பெரிய பாவம் அதற்கப்புறம் நடந்தது. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் நாலு மணிக்கு நீ உப்புக்கட்டி அடுக்குக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் எடுப்பதற்கு முன்னால் நாலு பேராவது படித்திருப்பார்கள், யாராவது ஒருவர் வாதம் பண்ண வருவார் என்று காத்திருந்தாய் போலிருக்கிறது. கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாய். வந்தவர்கள் கோழித்தீவனம் கேட்டார்கள், போனார்கள். யாரும் படிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எடை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். நாலாம் நாள் நாற்காலியை நீயே எடுத்து உள்ளே வைத்தாய். சட்டம் ஜெயித்தது, என் நாய்கள் சும்மா கிடந்து கிழடாயின, அடுத்த செப்டம்பரில் நீ நாட்டின் அந்தக் கோடிக்குப் படிக்கப் போனாய். சட்டத்தால்தான் வீடு இப்படி ஆனது என்று போர்ட்லண்டைத் திட்டியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

காகிதத்தைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட தேதி எழுதும் நோட்டில் மடித்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை அதை எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, அப்பாடா, இப்பவாவது அந்த நோட்டைத் தொறந்தீங்களே, என்றாள். அவளுக்கு எத்தனை வருஷமாகத் தெரியுமோ. நீ என்ன எழுதினாய் என்று உனக்கே மறந்திருக்கும், அப்படியே எழுதுகிறேன்: "நான் ஜெனெல் ஸ்டாடார்ட். ஆறு வயதிலிருந்து அப்பாவின் நாய்களோடு மலைக்குப் போகிறேன். ஒன்பது வயதில் மரத்தில் இருந்தது தாய் மலைச்சிங்கம் என்று பார்த்து அப்பா நாய்களைத் திருப்பி அழைத்ததைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த மாதிரி அவரை எனக்கு வேறு என்றைக்கும் பிடித்ததில்லை. மற்ற நாட்களையும் பார்த்திருக்கிறேன். மேலே போக வழியில்லாத மிருகத்தைச் சுடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு ஓட்டு இல்லை. உங்களுக்கு இருந்தால் சட்டம் வேண்டும் என்று போடுங்கள். நான் சொல்வது தப்பு என்றால் வந்து சொல்லுங்கள், நாலு மணிக்கு மேல் கடையில் இருப்பேன்." எனக்கு எதிராக எழுதியிருக்கிறாய் என்று நினைத்துத்தான் அன்று எடுத்தேன். அந்த நடு வரிகளை அன்று நான் படித்தேனா என்பதே எனக்கு நினைவில்லை, கண்ணு.

பழைய இடத்திலேயே குத்திவிட்டேன். டப்பாவில் பச்சைப் பின் இரண்டுதான் இருந்தது, மற்ற இரண்டும் சிவப்பு. அதற்குக் கீழே நான் ஒரு காகிதம் குத்தினேன்: இது 1994 அக்டோபரில் ஒட்டியது, அன்று காலையே நான் எடுத்துவிட்டேன், வெர்ல் ஸ்டாடார்ட். ராய்ஸ் காபிக்கு வந்தவன் இரண்டு தடவை படித்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஏன்யா வெர்லு, அந்தப் பொண்ணு எழுதினதுக்கு நான் ஒரு வார்த்தைகூட பதில் சொல்லலைன்னுதானே முப்பது வருஷமா நெனச்சிட்டிருக்கும், என்றான். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வந்து உப்புக்கட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவ பாஸ்டன்ல இருக்காடா என்றேன். இருக்கட்டும், குட்டியைப் பறிகொடுத்தவன் நான், அவ சொன்னது தப்புன்னு சொல்ல எங்கிட்ட எக்கச்சக்கம் இருக்கு, வர்றப்ப வரட்டும் என்றான். நேற்று கோரின் டீச்சர் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிப் படித்தார், என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. நான் வந்திருப்பேனே வெர்ல், அவ பக்கத்துல உக்கார நான் ஒருத்தியாவது வந்திருப்பேன், என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோழித்தீவனம்கூட வாங்காமல் போய்விட்டார்.

அந்தச் சட்டம் தப்பு என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றம் இல்லை, மாறிவிட்டேன் என்று நினைத்து ஏமாறாதே. என் படத்தை எடுத்தவர்கள் செய்ததும் அநியாயம்தான். ஆனால் நான் செய்ததற்கு அவர்கள் செய்ததைக் காட்டித் தப்பிக்க முடியாது, என் பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். மன்னித்துவிடு, மகளே. உன்னை மூன்று நாள் அந்த நாற்காலியில் காக்க வைத்ததற்கு மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள், கார் டயரை ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டு, அம்மா அனுப்பிய ஜாமை அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் கொஞ்சம் கொடு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் வாசலில் எந்நாளும் நல்லவர்கள் வந்து கதவைத் தட்டட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீதானே திரும்பக் குத்தினாய் வெர்லு, வேண்டாம் என்றால் நீயே எடுக்கலாம் என்று ராய்ஸ் என்னிடம் சட்டம் பேசுகிறான். எடுக்க மாட்டேன். கையெழுத்து உன்னுடையது, ஒட்டியவர் மட்டுமே எடுக்கலாம். அதை எடுக்க வேண்டுமானால் நீதான் வர வேண்டும். நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு மேல் கடையில் இருக்கும்,
உன் அப்பா
வெர்ல் ஸ்டாடார்ட்