நீ கழுவிய குடுவை

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில் பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கார்பைடு வாடை வந்தது. அந்த அசிட்டிலீன் நாற்றம் மூக்கில் ஏறியதும் நாம் ஆராய்ச்சி மாணவிகளாக ஐந்து வருடம் குடியிருந்த ஆய்வகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் நீ. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "கண்ணு எரியுதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ராதாபுரத்துச் செம்மணலை நீதான் சாக்குப் பையில் சுமந்து வந்தாய். அதிலிருந்த பாக்டீரியாவை இருவரும் வளர்த்தோம். காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குச் சத்தாக்குகிற வகை அது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்குள் ஓர் உலோகம் வேண்டும், அநேகமாக மாலிப்டினம். அது கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் வனேடியத்தை வைத்து வேறொரு நொதி செய்துகொள்ளும். அதுவும் இல்லையென்றால் வெறும் இரும்பு. "இல்லாத வீட்டுல சமையல் நடக்கலியாட்டி? பைய நடக்கும், அவ்வளவுதான்" என்பாய்.

நம்முடையதற்கு மாலிப்டினம் இல்லாமல் முடியாது என்று என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, மாலிப்டினமே போடாத உன் குடுவை கலங்கி, நன்றாக வளர்ந்து நின்றது. அசிட்டிலீன் கொடுத்துப் பார்த்தாய். மாலிப்டின நொதி அதை எத்திலீனாக மட்டும் மாற்றும். மற்ற இரண்டும் கூடவே கொஞ்சம் ஈத்தேனும் விடும். வாயுக்களைப் பிரித்துக் காட்டும் மெஷின் போட்ட வரைபடத்தில் எத்திலீன் மேட்டுக்குப் பக்கத்தில் ஈத்தேனுக்குரிய குட்டி மேடு இருந்தது. "ஏட்டி, இங்கன பாரேன்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய்.

நான் பார்க்கவில்லை. "குடுவையை ஒழுங்கா ஆசிட்ல கழுவியிருக்க மாட்டா, சார். ஒட்டியிருந்த பழைய மாலிப்டினத்துல வளந்திருக்கு. அந்த மேடு மெஷின் அழுக்கு" என்று பேராசிரியரிடம் சொன்னேன், உன்னை வைத்துக்கொண்டே. சாயங்காலம் வரை எல்லாக் குடுவைகளையும் மறுபடி கழுவினாய். விரல் தோல் உரிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து நானே கழுவிய குடுவையிலும் அந்த மேடு வந்தது. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன். எனக்குப் பட்டம் கிடைத்தது. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வள்ளியூரில் டீச்சரானாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் பேசினோம். அதைத் தவிர எல்லாம் பேசினோம்.

இந்தப் பங்குனியில் நீ போய்விட்டாய். அதன் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. சோதனையைத் திரும்பச் செய்து, கட்டுரை எழுதி, உன் பெயரை முதலில் போட்டு, உன் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அச்சிட்ட உன் பெயரைத் தடவிப் பார்த்தபடி அம்மா சொன்னார்: "யாரோ ஒருத்தி இவ குடுவையக் கழுவலன்னு சொல்லிட்டாளாம். ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுகூட 'நான் கழுவினேம்மா'ன்னா. 'யாருட்டி அவ'ன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். பேரச் சொல்லவே மாட்டேன்னுட்டா."

நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இரு தாயி, காப்பி போடுதேன்" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

நீ எனக்காக மறைத்து வைத்த பெயரை நானும் மறைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன், ஏட்டி.