மஞ்சள் பட்டை இல்லாத படம்

அன்புள்ள மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முக்கால்வாசி நலம் என்பதுதான் உண்மை, மீதியைக் கீழே சொல்கிறேன், பதறாதே. நீயும் மாப்பிள்ளையும் முழுசாக நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார், அதனால்தான் கடிதம். தம்பிக்கு வேலை நேரம் மாறிவிட்டது, இப்போது ராத்திரிச் சாப்பாடு வீட்டில் என்பதால் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. சித்தி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லார் வீட்டு ஒட்டடையையும் கண்டுபிடித்துச் சொல்கிறாள்.

நீ வரைந்து கட்டிக்கொடுத்த இந்த வீட்டைப் படமெடுக்க நீ ஏற்பாடு செய்த போட்டோகிராபர் வந்து போனார். கட்டடமும் அறையும் மட்டும்தான் எடுப்பாராம். கல்யாணத்தையே எடுக்கிற தெருமுனை ஸ்டுடியோக்காரருக்கு நாலு சுவரை எடுக்கத் தெரியாதா என்று உன்னிடம் கேட்டேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதல் நாள் கேமராவே இல்லாமல் வந்து எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள், மகன் வீட்டுக்கு முதல்முறை வந்த மாமியார் மாதிரி மூலை முடுக்கெல்லாம் நோட்டம் விட்டார். மிக்ஸி உள்ளே போனது, துண்டு போனது, ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை டப்பா போனது, இன்னும் ஒரு மாத்திரைப் பட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாற்காலியை இரண்டு விரல்கடை நகர்த்திவிட்டுக் கேமராவில் போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து அரை விரல்கடை பின்னால் தள்ளுவார். இந்தப் படங்களைப் பார்த்துத்தான் அந்த முதியோர் இல்லம் கட்டுகிற வேலையை உனக்குத் தருவதா என்று முடிவு செய்வார்கள் என்பதால் நாங்களும் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தோம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்கு ஏற நீ வைத்திருக்கிற ஒற்றைப் படி இருக்கிறதே, மேலேயும் கீழேயும் ஒரே சாம்பல் நிறக் கல், அதன் ஓரம் அப்பா கண்ணுக்குத் தெரிவதில்லை. கண் அழுத்தம் வந்த பிறகு இரண்டு தரம் தடுமாறினார், நான் அந்த ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒட்டினேன். உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் வீடியோவில் பேசும்போது போனை மேல்நோக்கிப் பிடிப்பார், நீகூட அப்பா நெத்தியும் ஃபேனும்தான் தெரியுது என்று சிரிப்பாய். படமெடுக்கிற அன்று காலையில் எழுந்து பார்த்தால் மனுஷர் தரையில் உட்கார்ந்து கத்தியால் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். எம் பொண்ணு வரைஞ்சதுல மஞ்சப் பட்டை கிடையாது, ஒரு நாள்தானே, பாத்து நடந்துக்கிறேன் என்றார்.

சாயங்காலம் போட்டோகிராபர் காத்திருந்த வெளிச்சம் கூடத்துக்கு வந்தது. அப்பா சாப்பாட்டு அறையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா, படத்துல விழறீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க என்றார் அவர். உன் படத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று அவசரமாகக் கூடத்துப் பக்கம் ஒதுங்கினவர் காலை வெறும் காற்றில் வைத்தார். வலது மணிக்கட்டு முறிந்து முழங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர். தலையில் அடி இல்லை, அந்த மட்டும் தப்பித்தோம். போட்டோகிராபர் கேமராவை அப்படியே போட்டுவிட்டு அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா குறுக்கே வருவதற்கு முன் எடுத்த படம் அவர் போனுக்கும் வந்திருந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் காட்டினார். பாருங்கம்மா, படி எங்க இருக்குன்னு எனக்கே தெரியல, தரை ஒரே ஓட்டமா போகுதுன்னு சந்தோஷமா எடுத்துக்கிட்டிருந்தேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது, மறைப்பானேன். பெற்ற அப்பன் நடக்கிற வீட்டில் இப்படி ஒரு படியை வைத்தாளே என்று இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தால், நீ வரைந்தபோது அவர் கண் நன்றாகத்தான் இருந்தது, படிப்படியாகக் குறைந்ததை மறைத்தது நாங்கள். ஆனால் அந்த இல்லத்தில் வந்து இருக்கப்போகிறவர்கள் எல்லாரும் உன் அப்பா மாதிரிதான், அதை மறக்காதே. போட்டோகிராபர் போன வாரம் மறுபடி வந்து, நான் திரும்ப ஒட்டிய பட்டையோடு இன்னொரு படம் எடுத்தார். இரண்டும் உனக்கு வரும். முதல் படம்தான் அழகு, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எதைக் காட்டுவது, என்ன சொல்லிக் காட்டுவது என்பதை நீயே முடிவு செய், நீ கெட்டிக்காரி.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அப்பாவிடம் கை எப்படி முறிந்தது என்று கேட்டால் அவர் சொல்வதை அப்படியே நம்பின மாதிரி இரு. தரை ஈரமாக இருந்ததாம், நான் சரியாகத் துடைக்கவில்லையாம், அதில் வழுக்கிவிட்டாராம். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் சொல்கிறார். உன் படிமேல் ஒரு சொல் விழக்கூடாதாம். நானும் ஆமாம், என் தப்புதான் என்று பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா