வலது பக்கத்துச் சத்தம்

அலுவிகாரை,
மாத்தளை.
14 செப்டம்பர் 2003

அன்பு மகன் நோபர்ட்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், உன் சுகமறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நம் சுகத்தில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயந்துவிடாதே. அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, என்னை ஏசுவதற்குத் தெம்பு இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் வராது. கலேவெலயில் தெரேசா அக்காவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள், கத்தரித் தோட்டம் போட்டிருக்கிறார்களாம். இங்கே மழை பிந்திவிட்டது, மிளகுக் கொடி சோர்ந்துபோய் நிற்கிறது. பாதை திறந்ததிலிருந்து யாழ்ப்பாணம் போகிற லொறிகள் ஓயாமல் ஓடுகின்றன, சமாதானம் வந்ததோ இல்லையோ சத்தம் வந்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள்.

முதலில் ஒன்று. நீ செய்து அனுப்பிய ஹெட்போன் அம்ப்ளிபயருக்கு இனி எந்தச் சாமானும் அனுப்பாதே. வால்வும் வேண்டாம், கண்டென்சரும் வேண்டாம். மிலானில் வேலை முடிந்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் எனக்காக உட்கார்ந்து ஈயம் வைத்துச் செய்த பெட்டி அது. அதைத் திறந்த அன்று இரண்டு வால்வும் மெல்லச் சிவந்து எரிந்ததை நானும் அம்மாவும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். நீ கூடவே அனுப்பிய ஹெட்போனைப் போட்டால் இடது பக்கம் அப்படி ஒரு தெளிவு, பாடுகிறவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. வலது பக்கம் மட்டும் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி மங்கலாக இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. புதுச் சாமான் என்றால் கொஞ்சம் ஓடித்தான் பழக வேண்டும். முந்தி புது லொறிகளின் பின்னால் ரன்னிங் இன் என்று போர்டு தொங்கவிட்டு, ஏற்றத்தில் மிதிக்காமல் கொண்டுபோவார்களே, அந்தக் கணக்குத்தான். காலைத் தேத்தண்ணி குடித்ததும் அதைப் போட்டு, ஹெட்போனைத் தலையணையில் படுக்க வைத்து, செபமாலை சொல்லும் நேரம்வரை ஓடவிட்டேன். வெயில் காலத்தில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே நான் காவலிருப்பதைப் பார்த்து உன் அம்மா, ஏங்க, மகன் கேக்கிறதுக்கு அனுப்புனானா இல்ல அடைகாக்க அனுப்புனானா என்று கேட்டாள். அடைகாத்தால்தான் குஞ்சு பொரிக்கும் என்றேன்.

மாதங்கள் போயும் வலது பக்கம் திறக்கவில்லை. அப்போதுதான் உன் ஈயத்தில் பிழை இருக்கிறது, வலது பக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறாய் என்று எழுதினேன். நீ கோபப்படாமல் ஆள் மூலம் வால்வு அனுப்பினாய். வால்வை மாற்றினேன். பிறகு தடித்த கண்டென்சர் வந்தது, அதையும் மாற்றினேன். மாற்றிய அன்று நன்றாகத்தான் கேட்கும், இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு ஆசையும் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமே. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி என்றிருக்கும். ரேடியோ திருத்துகிற புஹாரி நானாவைக்கூடக் கடையை மூடச்சொல்லி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் கேட்டுவிட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே ரபாயேல் இருக்குது என்றார். அவருக்கு வயதாகிவிட்டது, காது மந்தம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பாட்டுக் கேட்க அம்மா ஹெட்போனை மாட்டியிருந்தாள், மாற்றிப் போட்டிருந்தாள், இடதை வலது காதில். என் குணம் உனக்குத் தெரியும். இடது வலது பார்க்காமல் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை, உன்னையே எத்தனை முறை குட்டியிருக்கிறேன். ஏசிக்கொண்டே பிடுங்கி, அந்தக் கோபத்தில் திருப்பாமல் என் தலையில் மாட்டினேன். நல்ல பக்கம் இப்போது என் வலது காதில். அது மங்கலாகக் கேட்டது. கெட்ட பக்கம் இடது காதில், அது கணீரென்று கேட்டது. கழற்றித் திருப்பிப் போட்டேன், திரும்பவும் மாற்றினேன். பெட்டிக்குள் மாற்றாத சாமான் இல்லை மகன், இதை மட்டும் நான் மாற்றிப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு எனக்கு முன்னமே விளங்கிவிட்டது. நான் அந்தப் பக்கமா நின்னு கூப்புட்டா நீங்க திரும்புறதே இல்ல, ஏதோ கோவம்னு நெனச்சுக்கிட்டு பேசாம போயிருவேன் என்று சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

கண்டியில் டொக்டரிடம் காட்டினோம். வலது காது நரம்பு போய்விட்டதாம், இனி அது வராதாம். இடது காது இப்போதைக்கு நல்லது, எத்தனை காலத்துக்கு என்று சொல்ல முடியாதாம். ஆகவே உன் ஈயத்தில் பிழையில்லை, உன் பெட்டி முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் பாடியிருக்கிறது.

இரவில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்த எண்பத்தொன்பதாம் வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா. பொழுது சாயும் முன்பே ஜன்னலைச் சாத்திவிடுவோம். ரோட்டோரத்து வீடு, தமிழ் ரேடியோ வெளியே கேட்டால் யார் எதற்கு வந்து கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. புஹாரி நானா தந்த ஒரேயொரு ஹெட்போனின் தலைப்பட்டையைக் கழற்றி, பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சின்ன அம்ப்ளிபயர் செய்து, ஆளுக்கொரு காதாக வைத்துக் கேட்டோம். எனக்கு இடது, உனக்கு வலது. நீ சுவரோரம் உட்காருவாய், உனக்கு எட்டவில்லை என்று உன் பக்கத்து வயரில் ஒரு முழம் சேர்த்து ஒட்டினேன். செய்தி முடிந்ததும் கசெட் போடுவோம். பாடுகிறவர் என் பக்கம் இருப்பார், வயலின் உன் பக்கம். அப்பா, இப்ப இந்தப் பக்கம் புல்லாங்குழல் வருதுப்பா என்று நீ என் முழங்காலைத் தட்டிச் சொல்லுவாய். வெளியே ஜீப் போகும், நாம் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்போம். அவ்வளவு பயத்திலும் அதைப்போல் சந்தோஷமாக நான் பாட்டுக் கேட்டதில்லை, இன்றைக்கு எவ்வளவு நல்ல பெட்டி இருந்தும்.

விடுமுறை இல்லை என்று இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கும் வராமல் தள்ளிப்போட்டாய், நானும் சரி என்றேன். இந்த முறை சரி என்று சொல்லமாட்டேன். இடது காது இருக்கும்போதே வா மகன், உன் குரலை நேரில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. குளிர் காலம் தொடங்குகிறது, தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஞாயிறு பூசையை விடாதே, ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்துக் கேள், அப்பா சொல்வதை இந்த ஒரு விஷயத்திலாவது கேள். அம்மா நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் அனுப்புகிறாள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

மறக்காமல் ஒன்று, ஏசக் கூடாது. நீ அனுப்பிய நல்ல ஹெட்போனில் நேற்றுக் கைவைத்துவிட்டேன். பட்டையைக் கழற்றி, உன் பக்கத்து வயரில் ஒரு முழம் சேர்த்து ஒட்டியிருக்கிறேன். இப்போது சுவரோரம்வரை எட்டுகிறது. அந்தப் பக்கம் என்ன போகிறது என்று நீதான் வந்து சொல்ல வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
ரபாயேல்