எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவது?

வீரபாண்டி,
திருப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் தரணீதரனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் அனுவும் குழந்தை ரித்தீஷும் அந்த ஊர்க் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று அவிநாசியப்பனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எங்களுக்குச் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை.

வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உங்கப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். கண் செய்தியில் இருக்கும், காது என் பக்கம் இருக்கும். அவர் காதில் விழக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. உன் சிநேகிதன் பிரதீப் துணிக் கண்காட்சிக்கு ஜெர்மனி வருவதாகச் சொன்னான். அவன் கையில் இதையும் கொஞ்சம் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன்.

உன் கார் நின்றுவிட்டது கண்ணு.

நீங்கள் விமானம் ஏறின பிறகு பிரதீப் அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவந்து நம் ஷெட்டில் விட்டானல்லவா, முதலில் உங்கப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் டேப்பை எடுத்துப் போய் அளந்தார். நம் பனியன் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன துணியில் ஓர் உறை தைத்துக்கொண்டு வந்து மாட்டினார். குழந்தை ஜட்டிக்கு வைக்கிற அதே எலாஸ்டிக்கை ஓரமெல்லாம் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, உள்ளே போய் அழுதேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் உறையைக் கழற்றித் துடைத்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். ஏனுங்க, எதுக்குங்க இதெல்லாம் என்று கேட்டால், இரும்பு சும்மா கெடந்தாத் துருப்புடிச்சுப் போயிரும் என்பார்.

போன மாதம் உன் பிறந்தநாளுக்கு அவிநாசி போகலாம் என்று அவராகவே அந்தக் காரை எடுத்தார். நீ வாங்கி வந்த அன்று, ரெண்டு சீட்டுக் காரு வாங்கினவன் பெத்தவங்களை எங்கடா உக்கார வெப்பே என்று கத்தினாரே, அந்த இரண்டாவது சீட்டில் நான் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தேன். தரையில் படுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. கல்யாணப் புடவையோடு அனு அதில் எப்படித்தான் ஏறினாளோ! பாதி வழி போவதற்குள் முன்பக்கம் புகையாக வந்து வண்டி நின்றுவிட்டது. போகிற வருகிறவர்கள் பார்க்க, அந்த மனுஷன் வெயிலில் காரைத் தொட்டபடி நின்றார். கோயிலுக்குப் போகாமலே, இழுத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிலிருந்து எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவது என்பதே பேச்சு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய இடத்தில் கேட்டார். இத்தனை பழைய வண்டிக்குப் பார்ட்ஸ் வராது, கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள் என்றார்கள். பட்டென்று போனை வைத்துவிட்டார். அவிநாசி ரோட்டில் தண்டாயுதபாணி என்று ஒருத்தர், வேறு காரின் எஞ்சினைத் தூக்கி இதில் வைத்துத் தருகிறேன், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றார். உள்ளே வேறயா இருந்தா அது எப்படீங்க என்ற பையன் காராகும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். உன்னைத் தன் மகனாக, என்ற பையன் என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தண்டாயுதபாணி வேண்டாம் என்று நானும் அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

நம் கம்பெனி வேனைப் பார்க்கிற கிட்டுசாமியை, அப்பா இல்லாத நேரத்தில் நான்தான் வரச்சொன்னேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. ஏனுங்கக்கா, இதுக்குப் போர் தண்ணியா ஊத்துனீங்க என்று கேட்டார். பழைய ரேடியேட்டர், கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. உங்கப்பா ஞாயிறு தவறாமல் தோட்டத்துக் குழாயைப் போட்டு நிரப்பியிருக்கிறார். சாயக் கழிவு இறங்கின அந்தத் தண்ணீரில்தான் நம் தென்னை அத்தனையும் பட்டுப்போனது. அரிசி களையக்கூட நான் அதைத் தொடுவதில்லை. அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாராவாரம் அதையே ஊற்றி எஞ்சினைத் தின்னவிட்டிருக்கிறார்.

மெனக்கெட்டால் அதே எஞ்சினைச் சரிசெய்துவிடலாம் என்கிறார் கிட்டுசாமி. கைசுத்தமான ஆள். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம். கழற்றின சாமானை எல்லாம் சாக்கில் பரப்பிவைத்து, எதனால் கெட்டது என்று சொந்தக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார். அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். பொய் சொல்லமாட்டேன் என்றார். கடைசியில் மனம் இளகி, காரு யாரு பேருல இருக்குதோ அவருகிட்டச் சொன்னாச் சரிங்கக்கா என்றார். கார் உன் பேரில்தானே இருக்கிறது. அவர் உன்னை போனில் கூப்பிட்டுக் காட்டுவார், நீ பார்த்துக்கொள்.

கிட்டுசாமியிடம் விடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். காரு யாருதோ அவங்க சொல்லோணும், நான் யாரு சொல்றதுக்கு என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையில் கிடந்த என் போனைப் பார்த்துச் சொன்னார். நம் கம்பெனியில் துணி பார்க்கிற செக்கிங் டேபிளில் வேலை செய்த ராமாத்தாளின் மகள் அனுவைக் கட்டினாய் என்பதற்காக, இந்த வாசலை மிதிக்காதே என்றவர் அவர்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. நீங்கள் போன பிறகு ராமாத்தாளும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? ஆனாலும் இந்த மனுஷனுக்கு உன்னிடம் கேட்க, காரை எங்கே விடுவது என்கிற கேள்வி ஒன்றுதான் இருக்கிறது கண்ணு.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். இன்று காலை நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். சமையலுக்குப் பிடித்துவைத்த ஆற்றுத்தண்ணீர்க் குடத்தைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனால், ஷெட்டில் உங்கப்பா குந்தியிருக்கிறார். குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகிப் போகிறது. மறுபடி ஊற்றுகிறார். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் ஒரே ஒரு தடவை நீ அப்பாவின் நம்பருக்கே கூப்பிடு. அவர் எடுக்காவிட்டாலும் விடாமல் கூப்பிடு. கிட்டுசாமியிடம் விடுங்கப்பா என்று சொல். தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்டுவிடாதே. பழைய வண்டி, அது அப்படித்தானுங்கப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க என்று மட்டும் சொல். அவரும் ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள்வார். பின்னால் ரித்தீஷ் சத்தம் போட்டால் அடக்காதே.

அனுவும் நீயும் குழந்தையும் நூறாயுசு நன்றாக இருக்க வேண்டும் சாமி. நீ கூப்பிடுகிற அன்றைக்கு டிவியை நானே நிறுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்ரகலா